ஓடினால் போதுமா?

"ஒரே ஒரு வார்த்தை மாத்தினேன் மாமா, ஓடிடுச்சு" என்றான் தங்கை மகன்.

இந்த 'ஓடிடுச்சு'வைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். பிரேக் பிடிக்காத பஸ்கூடத்தான் ஓடும். மற்ற பஸ்ஸைவிட நன்றாகவே ஓடும்.

அவன் வேலை பார்ப்பது ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில். ஊர், பேர் வேண்டாம். அங்கே நோயாளிகளைப் பதிவு செய்யும் சாஃப்ட்வேரை ஒரு வெளிக் கம்பெனி வாடகைக்குக் கொடுத்திருக்கிறது. கவுன்ட்டரில் பெயரைத் தட்டினால் 3 செகண்டுக்குள் பழைய விவரம் வந்து நிற்க வேண்டும், தாமதமானால் மாதக் கட்டணத்தில் பிடித்தம் என்று ஒப்பந்தம். வருகிறதா என்று வேவு பார்க்கப் பைத்தானில் ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்திருந்தார்கள். அரை மணிக்கு ஒருமுறை அது சர்வரைக் கேள்வி கேட்கும். பதில் வர எத்தனை செகண்ட் ஆயிற்று என்று எழுதி வைக்கும். அவ்வளவுதான் வேலை.

பழைய கம்ப்யூட்டர் ஓய்வு பெற்று புதுசு வந்தது. புதுசில் பைத்தானும் புதுசு. புரோகிராம் முதல் வரியிலேயே படுத்துவிட்டது. 'டைம் என்கிற தொகுப்பில் க்ளாக் என்று எதுவும் இல்லை' என்று கையை விரித்தது. பையன் தேடிப் பார்த்தான். 'க்ளாக்கை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் பெர்ஃப் கவுன்ட்டர் அல்லது பிராசஸ் டைம் என்று போடவும்' என்று கிடைத்தது. பிராசஸ் டைம் என்று போட்டான். ஓடிவிட்டது.

ஓடியது மட்டுமல்ல, அதிசயமும் நடந்தது. நேற்றுவரை 5 செகண்ட், 6 செகண்ட் என்று இழுத்த சர்வர், 0.03 செகண்டில் பதில் சொல்ல ஆரம்பித்தது. மேலதிகாரிக்கு ஏக சந்தோஷம். பிடித்தம் நிறுத்தப்பட்டது. வெளிக் கம்பெனிக்கு அதைவிட சந்தோஷம்.

சந்தோஷப்படாத ஒரே ஆள் கவுன்ட்டரில் இருந்த பெண். வரிசை குறையவில்லை. நோயாளிகள் கத்தினார்கள். அதிகாரியிடம் போய்ச் சொன்னாள்.

"சார், சிஸ்டம் சுத்திக்கிட்டே இருக்கு. நான் என்ன பண்றது?"

"ரிப்போர்ட்ல கால் செகண்ட்கூட ஆகலைன்னு இருக்கும்மா. நீதான் ஸ்லோ."

மூன்று மாதம் இப்படி. அந்தப் பெண்ணுக்கு மெமோ வேறு. எல்லாம் ஒரே ஒரு வார்த்தையால்.

*

என்ன நடந்தது என்று சொல்கிறேன். பைத்தான் தெரிய வேண்டாம். வீட்டில் ஒரு தச்சரைக் கூப்பிட்டு வேலை வாங்கியிருந்தால் போதும்.

தச்சர் காலை 9 மணிக்கு வருகிறார், மாலை 5 மணிக்குப் போகிறார். எத்தனை நேரம் ஆயிற்று? சுவர்க் கடிகாரத்தைக் கேட்டால் 8 மணி நேரம். ஆனால் பலகை வரவில்லை என்று 3 மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். சாப்பாடு, டீ ஒரு மணி. உளி பிடித்த நேரம் 4 மணிதான். 8, 4 இரண்டுமே சரியான பதில். கேள்விதான் வேறு. 'என் கதவு எப்போது கிடைக்கும்?' என்றால் முதல் கணக்கு. 'ஒரு கதவுக்கு எவ்வளவு உழைப்பு?' என்றால் இரண்டாவது.

பெர்ஃப் கவுன்ட்டர் முதல் கணக்கைச் சொல்லும். பிராசஸ் டைம் இரண்டாவதை. புரோகிராம் சர்வரைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும்போது, அது பலகைக்குக் காத்திருக்கும் தச்சர். உளியைத் தொடுவதில்லை. பிராசஸ் டைம் அந்த நேரத்தைக் கணக்கிலேயே சேர்க்காது. ஆக, பையனின் புரோகிராம் சர்வரின் வேகத்தை அளக்கவே இல்லை. தன் சொந்த உழைப்பைத்தான் அளந்துகொண்டிருந்தது. அது எப்போதுமே கொஞ்சம்தான்.

'அல்லது' என்று ஒரு சொல் இருந்ததே, கவனித்தீர்களா? விஷயம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. 'பால் அல்லது மோர் சேர்க்கவும்' மாதிரி எதைப் போட்டாலும் ஒன்றுதான் என்கிற 'அல்லது' இல்லை அது. 'இடதா, வலதா, எங்கே போகணும்?' என்று கண்டக்டர் கேட்பது மாதிரி. பதில் சொல்ல வேண்டியது பயணி. நம் பையன்கள் கண்ணை மூடிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள்.

பிழை அந்தக் காகிதத்திலேயே கையெழுத்துப் போட்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. மூன்று மாத ரிப்போர்ட்டையும் வாங்கிப் பார்த்தேன். 0, 0.015625, 0.03125. இந்த மூன்று எண்களே திரும்பத் திரும்ப வந்தன. விண்டோஸில் பிராசஸ் டைம் பொதுவாக ஒரு செகண்டை 64 துண்டாக்கி அந்தத் துண்டுகளில்தான் எண்ணும். ஒரு துண்டு 0.015625. நிஜமான சர்வர், நிஜமான நெட்வொர்க், நாள் பூராவும் மூன்றே எண்களைச் சொல்லுமா? ஜுரம் பார்க்கிற தெர்மாமீட்டர் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் ஒரே அளவு காட்டினால் நர்ஸ் அதை உதறிப் பார்ப்பார். இங்கே உதறிப் பார்க்க ஆளில்லை. ஏனென்றால், ஓடிவிட்டதே!

*

இனி மறுதரப்பு. "ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த க்ளாக்கை எதற்காக எடுத்தார்கள்? வேலை இல்லாதவர்கள் வேலை" என்று எனக்குத் தெரிந்த சீனியர்களே பொருமுகிறார்கள். ஒரு கோணத்தில் நியாயமான கோபம்தான். ஆனால் 'ஒழுங்காக' என்ற சொல்லை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

க்ளாக் என்பது இரட்டை நாக்கு. அதை விண்டோஸில் கேட்டால் சுவர்க் கடிகாரக் கணக்கைச் சொல்லும். லினக்ஸ், யூனிக்ஸில் கேட்டால் உளி பிடித்த கணக்கைச் சொல்லும். ஒரே பெயர், ஒரே வரி, இரண்டு அர்த்தம். உங்கள் மேஜையில் விண்டோஸில் எழுதிச் சரிபார்த்த புரோகிராமை அப்படியே லினக்ஸ் சர்வரில் ஏற்றினால், ஒரு எழுத்துகூட மாறாமல் அளவு மாறிவிடும். கடைக்காரர் கிலோ என்று சொல்லிக்கொண்டே ஒரு கிளையில் கிலோவும், இன்னொரு கிளையில் பவுண்டும் நிறுத்தால் என்ன செய்வீர்கள்? தராசைப் பிடுங்க மாட்டீர்களா?

பிடுங்கினார்கள். 2012ல் வந்த பைத்தான் 3.3ல் அர்த்தம் தெளிவான மூன்று புதிய பெயர்களைக் கொடுத்தார்கள்: பெர்ஃப் கவுன்ட்டர், பிராசஸ் டைம், மோனோடானிக். அன்றே க்ளாக்கை 'டெப்ரிகேட்டட்' என்று அறிவித்தார்கள். 'பாலம் பழுதடைந்துள்ளது, கனரக வாகனங்கள் செல்ல வேண்டாம்' என்று நெடுஞ்சாலைத் துறை வைக்கும் போர்டு மாதிரி. பாலம் இன்னும் நிற்கிறது, ஆனால் நம்பாதே. 2019 அக்டோபரில் 3.8 வந்தபோது பாலத்தையே இடித்துவிட்டார்கள். நடுவில் 7 வருஷம்.

7 வருஷம் போர்டு நின்றும் பார்க்காதவன் மேல்தானே தப்பு என்று முடித்துவிடலாம். மனசாட்சி இடம் தரவில்லை. போர்டு புளியமரத்துக்குப் பின்னால் இருந்தது. 3.6 வரை எச்சரிக்கை கையேட்டில் மட்டும்தான். புரோகிராமை ஓட்டினால் ஒரு முனகல்கூட வராது. 2018ல் வந்த 3.7லிருந்துதான் ஓடும்போது எச்சரித்தது. அதுவும் நீங்கள் நேரடியாக ஓட்டும் ஃபைலில் க்ளாக் இருந்தால்தான் கண்ணில் படும். அது கூப்பிடுகிற வேறு ஃபைலில் இருந்தால், வழக்கப்படி எச்சரிக்கையை மறைத்துவிடும். சாதாரண ஆட்களைப் பயமுறுத்தக் கூடாது என்ற நல்லெண்ணம். நல்லெண்ணத்தில் பாதிப் பேருக்குக் காதில் விழவில்லை. பைத்தானைக் கட்டிக் காப்பவர்களுக்கு இது ஒரு குட்டு. எச்சரிக்கை என்றால் காதில் விழ வேண்டும்.

ஆனால் கவனியுங்கள். புரோகிராம் முற்றிலும் நின்று போன அந்தக் காலை, ஆஸ்பத்திரியில் யாருக்கும் ஒரு கெடுதலும் நடக்கவில்லை. அளவு இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. கெடுதல் நடந்தது அது திரும்ப 'ஓடிய' பிறகு. 'எனக்குத் தெரியாது' என்று சொல்லி நின்ற புரோகிராம் யோக்கியன். தெரியாததைத் தெரிந்த மாதிரி மூன்று மாதம் சொன்னதே, அதுதான் அயோக்கியன்.

*

என் தங்கை மகனாவது ஒரு வார்த்தையைத் தேர்ந்தெடுத்தான். அதைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். புரோகிராமின் தலையில் 'இனி க்ளாக் என்றால் டைம் என்று வைத்துக்கொள்' என்று ஒரு வரி எழுதிவிடுவார்கள். செத்துப் போனவர் பெயரில் பென்ஷன் வாங்குகிற மாதிரி. கேட்டவர்களுக்கெல்லாம் இந்த வைத்தியத்தைச் சொல்லியும் தருகிறார்கள்.

இதில் என்ன தப்பு? 'டைம் டாட் டைம்' காட்டுவது கம்ப்யூட்டரின் கடிகாரம். அந்தக் கடிகாரத்தைத் திருத்துவார்கள். நெட்வொர்க்கிலிருந்து சரியான நேரம் வந்தால் அது தானே முன்னேயோ பின்னேயோ நகரும். நீங்கள் அளந்துகொண்டிருக்கும்போது நகர்ந்தால் கணக்கு தப்பும். ஓட்டப் பந்தயம் நடக்கும்போது யாரோ ஸ்டாப் வாட்ச்சின் முள்ளைத் தள்ளி வைப்பது மாதிரி. வேலை தொடங்குவதற்கு முன்பே முடிந்தது என்று மைனஸில் விடை வரலாம்.

மைனஸா, அதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்பவர்களுக்கு ஒரு நிஜ சம்பவம். 2016ஆம் வருஷக் கடைசியில், பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக உலகக் கடிகாரத்தில் ஒரு செகண்ட் கூடுதலாகச் சேர்த்தார்கள். லீப் செகண்ட். நமக்கு அது 2017 ஜனவரி 1, விடியற்காலை ஐந்தரை. இன்டர்நெட்டின் போக்குவரத்தில் பெரும் பங்கைச் சுமக்கும் க்ளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் ஒரு பகுதி அந்த நிமிஷத்தில் தடுக்கி விழுந்தது. அவர்களது புரோகிராம் (கோ என்ற மொழியில் எழுதியது) இரண்டு நேரங்களைக் கழித்துப் பார்த்தது. நேரம் பின்னால் போகவே போகாது என்று நம்பி எழுதிய கணக்கு. கடிகாரம் ஒரு செகண்ட் பின்வாங்கியதும் விடை மைனஸில் வந்தது. புரோகிராம் பதறி விழுந்தது. தப்பை நிறுவனமே வெளிப்படையாக எழுதி ஒப்புக்கொண்டது. அது பெரிய மனசு. அதே வருஷம் ஆகஸ்டில் கோ மொழியிலேயே பின்வாங்காத கடிகாரத்தைச் சேர்த்தார்கள்.

மோனோடானிக் என்கிறார்களே, அது இதுதான். முன்னால் மட்டுமே போகிற கடிகாரம். மணி என்ன என்று அதைக் கேட்டால் பயனில்லை. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டால் பின்வாங்காமல் சொல்லும். பெர்ஃப் கவுன்ட்டரும் அந்த ஜாதிதான்.

*

க்ளாக் போன கதையில் இன்னொரு கிளைக்கதை. எனக்கு ஆத்திரம் வந்தது இதில்தான்.

பைகிரிப்டோ என்று ஒரு பழைய தொகுப்பு. ரகசியத் தகவல்களைப் பூட்டு போட்டு அனுப்ப உதவுவது. அதன் கடைசி வெளியீடு 2013 அக்டோபரில். அதன்பின் அதைக் கவனிப்பார் இல்லை. பிறகு அதில் ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரிய வந்தது. அடைத்த பதிப்பு வெளிவரவே இல்லை. இந்தத் தொகுப்பில் ரேண்டம் எண் தயாரிக்கும் பகுதிக்குள் க்ளாக் உட்கார்ந்திருந்தது. 3.8 வந்ததும் அங்கே நின்றது.

நின்ற இடத்தில் ஒரு புத்திசாலி என்ன நினைக்க வேண்டும்? 'அடடே, வருஷக்கணக்காக யாரும் தொடாத பூட்டை அல்லவா வாசலில் மாட்டி வைத்திருக்கிறேன்!' பைகிரிப்டோடோம் என்று அதன் வாரிசு ஒன்று இருக்கிறது, இன்றும் பராமரிக்கப்படுகிறது. அதற்கு மாறுவதுதான் வழி. பலர் செய்தது என்ன? தொகுப்பின் உள்ளே புகுந்து, க்ளாக் இருந்த வரியை மட்டும் மாற்றி, 'ஓடிடுச்சு' என்று கையைத் தட்டிவிட்டுப் போனார்கள். துருப்பிடித்த பூட்டு சாவியை வாங்க மாட்டேன் என்றது. எண்ணெய் போட்டுத் திறந்து, அதே பூட்டை மறுபடி மாட்டிவிட்டார்கள். வீட்டுக்குள் இருப்பது யாருடைய நகை? உங்களுடையது, என்னுடையது.

அடுத்த கூத்தும் ஆரம்பமாகிவிட்டது. 2023 அக்டோபரில் வந்த 3.12ல், யுடிசி நவ் என்பதை டெப்ரிகேட் செய்தார்கள். அது கிரீன்விச் கணக்கில் மணி சொல்லும். ஆனால் 'இது கிரீன்விச் மணி' என்று லேபிள் ஒட்டாது. ஊர் பேர் போடாத மொட்டைக் கடுதாசி. அதை வாங்கி மறு கணக்குப் போடும் வரி, உள்ளூர் மணி என்று நினைத்துக்கொள்ளும். நம் இந்தியக் கம்ப்யூட்டரில் ஐந்தரை மணி நேரம் தப்பும். லேபிளோடு கூடிய புதிய வழியைத்தான் இப்போது சொல்கிறார்கள்: 'நவ்' என்று கேட்டு, அடைப்புக்குள் நேர மண்டலத்தையும் சொல்ல வேண்டும். அப்படி மாற்றினால் லேபிள் உள்ள நேரத்தையும் லேபிள் இல்லாத பழைய நேரத்தையும் ஒப்பிடும் இடங்களில் பைத்தான் மறுக்கும். மறுப்பது நல்லது. எங்கெங்கே மொட்டைக் கடுதாசி இருக்கிறது என்று அது காட்டிக் கொடுக்கிறது. நம்மவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? புதிய நேரத்தில் இருக்கிற லேபிளைக் கிழித்துவிடுகிறார்கள். ஓடிடுச்சு!

*

சும்மா திட்டிவிட்டுப் போவதில் அர்த்தமில்லை. புரோகிராம் எழுதும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், மூன்று கேள்வி.

எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்று தெரிய வேண்டுமா? பெர்ஃப் கவுன்ட்டர். என் புரோகிராம் எவ்வளவு உழைத்தது என்று தெரிய வேண்டுமா? பிராசஸ் டைம். இது எந்தத் தேதி, எத்தனை மணிக்கு நடந்தது என்று தெரிய வேண்டுமா? அதற்கு மட்டும் கடிகாரம், லேபிளோடு. மூன்றில் எது என்று பழைய வரியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அந்த வரி எந்த மெஷினில் ஓடியது, அதன் விடையை யார், எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று விசாரிக்க வேண்டும். இதற்கு எழுந்து நாலு மேஜை தள்ளிப் போய் ஒரு மனிதரிடம் பேச வேண்டும். அதுதான் நம்மவர்களுக்குக் கசக்கிறது.

மாற்றிய பிறகு ஒரு பரீட்சை. நடுவில் 3 செகண்ட் தூங்கச் சொல்லி ஒரு வரி போட்டு அளந்து பாருங்கள். பெர்ஃப் கவுன்ட்டர் 3 செகண்டுக்குச் சற்றே கூடச் சொல்லும். பிராசஸ் டைம் ஏறக்குறைய பூஜ்யம் சொல்லும். தூங்கியவருக்கு அது சம்பளம் போடாது. இந்த ஒரு நிமிஷச் சோதனையை என் தங்கை மகன் செய்திருந்தால், மூன்று மாதக் கூத்து இல்லை.

புரோகிராம் பக்கமே போகாத மற்றவர்களுக்கும் ஒன்று. கம்ப்யூட்டர் ஒரு எண்ணைச் சொல்கிறது, எதிரே நிற்கும் மனுஷி வேறு சொல்கிறாள் என்றால், உடனே மனுஷியைச் சந்தேகிக்காதீர்கள். அந்த அதிகாரி ஒரே ஒரு தடவை கவுன்ட்டர் பக்கம் வந்து, கையில் கட்டியிருக்கிற வாட்ச்சைப் பார்த்திருந்தால் போதும். அவர் வாட்ச்சும் கடிகாரம்தானே? என்ன, புள்ளிக்குப் பின்னால் ஆறு இலக்கம் காட்டாது. அதனால் மரியாதை இல்லை.

கடைசியில் பையன் வார்த்தையை மாற்றினான். மறுநாளே 5 செகண்ட், 6 செகண்ட் என்று பழைய குட்டு வெளிப்பட்டது. மூன்று மாதப் பிடித்தத்தைத் திரும்பக் கேட்டார்கள். "உங்க ரிப்போர்ட்படிதானே சார் பில் போட்டோம்" என்று வெளிக் கம்பெனி சிரித்தது. சட்டப்படி சரியான சிரிப்பு.

"அந்தப் பொண்ணுகிட்ட சொன்னியாடா?" என்று கேட்டேன்.

"எதை மாமா?"

"அவ ஸ்லோ இல்லைன்னு."

தலையைச் சொறிந்தான். அந்த மெமோ இன்னும் ஃபைலில் இருக்கிறதாம். புரோகிராமைத் திருத்திவிட்டார்கள். அது ஓடுகிறது.